பனி வாரியம்

காவாந்தண்டலம் கூட்டுரோட்டில் அந்தக் கேரவன் வந்து நின்றபோது, ஏதோ படப்பிடிப்பு என்று நினைத்துப் பாதி ஊர் கூடிவிட்டது. கதவு திறந்தது. கையில் பிளாஸ்டிக் வாளியோடு ஆல்பர்ட் இறங்கினார்.

"தண்ணி எங்கன பிடிக்கலாம்?" என்று கேட்டார்.

"ஹீரோ எங்கப்பா?"

"நான் டிரைவர். வேற ஆளு இல்ல."

கூட்டம் கலைந்துபோனது.

அந்த வண்டியை நடமாடும் நல்வாழ்வுக் கழகம் முதலில் சுற்றுலாப் பயணிகளுக்காக வாங்கியிருந்தது. உள்ளே கட்டில், கை கழுவும் தொட்டி, இடுப்பு உயரத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ். பழையசீவரம் மலையடிவாரத்தில் நீண்ட நாள் நிறுத்திப் பார்த்தார்கள். சாமி கும்பிட வந்தவர்கள் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார்களே தவிர, ஒருவரும் வண்டியில் படுக்க வரவில்லை. கழகம் கூடி யோசித்தது. மாட்டுத் தடுப்பூசிக்கு ஃபிரிட்ஜ் வேண்டும். இந்த வண்டியில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. ஆகவே இது கால்நடை ஊர்தி. வண்டியின் பக்கவாட்டில் காபி குடித்துக்கொண்டு சிரித்த தம்பதியின் படம் அப்படியே இருந்தது. அந்த அம்மாளின் முகத்தின்மேல் மட்டும் ஒரு பசுவின் முகத்தை ஒட்டியிருந்தார்கள்.

இளவரசிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஓர் ஊசி. அவளுக்கு இல்லை, கப்பலுக்கு.

கப்பல் அவளுடைய பசு. கன்றாக வாங்கி வந்தபோதே வயிறு புடைத்து ஆடி ஆடி நடந்ததால் அந்தப் பெயர். புருஷன் ஓசூரில் கட்டட வேலைக்குப் போய், போனில் மட்டும் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான். காஞ்சிபுரத்தில் நர்சிங் படிக்கும் மகள் சுதாவின் ஃபீஸ், வீட்டுச் சோறு எல்லாம் கப்பலின் மடியிலிருந்துதான். இப்போது கப்பலுக்கு ஆறு மாதச் சினை. கோமாரி நோய் பக்கத்து ஊர் மாகறல் வரைக்கும் வந்துவிட்டது என்று பால் எடுக்க வருகிறவன் சொல்லிவிட்டுப் போனான். அங்கே ஒரு மாடு சினை கலைந்து கன்றைப் போட்டுவிட்டதாம். ஏழு மாதம் தாண்டிவிட்டால் சினைமாட்டுக்கு ஊசி போடமாட்டார்கள். அதற்குள் போட்டாக வேண்டும்.

மறுநாள் காலையில் கப்பலைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு இளவரசி வரிசையில் முதலாவதாக நின்றாள். மழை விட்டிருந்தாலும் காற்று பிழிந்தால் தண்ணீர் சொட்டும்போல இருந்தது. கால்நடை மருத்துவர் ஷாஜியா ஊசியோடு தயாராக இருந்தார். உத்திரமேரூர் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்த பெண். மாடு பிடிக்கத் தெரிந்த டாக்டர் என்று ஊரில் நல்ல பெயர்.

"மொதல்ல கப்பலக் கொண்டாக்கா," என்றார்.

அப்போதுதான் கழகத்தின் மண்டலச் செயலர் தணிகைவேலன் வந்து இறங்கினார். திறப்பு விழா இல்லாமல் ஒரு திட்டம் தொடங்குவதா? வண்டி ஏற்கெனவே திறக்கப்பட்டதாகையால் ஃபிரிட்ஜைத் திறப்பது என்று முடிவாயிற்று. ஃபிரிட்ஜ் கதவை அகலத் திறந்து, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். கத்தரிக்கோல் வந்து சேரவில்லை. அது வருகிற வரைக்கும் செயலர் பேசினார். முன்னாலிருந்த பெரிய மனிதர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார். பொன்னாடை வாங்கிய ஒவ்வொருவரும் பேசினார்கள். கடைசியில் ரிப்பனை வெட்டியபோது ஃபிரிட்ஜுக்குள் மேல்தட்டில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. செயலர் விரலால் தொட்டார்.

"இது என்ன?"

"பனி சார்," என்றார் ஆல்பர்ட்.

"யார் அனுமதி கொடுத்தது?"

ஆல்பர்ட் வானத்தைப் பார்த்தார்.

செயலர் மைக்கை மறுபடி வாங்கினார். "பொதுமக்களே! இது மழைக்காலம். காத்துல ஈரம் இருக்கு. கதவைத் திறந்தா அந்த ஈரம் உள்ள போகும். போனா பனி கட்டும். பனி கட்டினா மருந்து கெடும். இது விஞ்ஞானம், எனக்கு நல்லாவே தெரியும். ஆகவே, ஈரம் உள்ள போச்சா இல்லையான்னு மணிக்கு ஒருதடவை கதவைத் திறந்து பாக்கணும்னு உத்தரவிடறேன். பனி அடியோட ஒழியற வரைக்கும் ஒரு ஊசிகூட வெளிய எடுக்கக்கூடாது!"

கை தட்டினார்கள். பேச்சு முடிந்தால் தட்டுவது இந்தப் பக்கத்துப் பழக்கம்.

"சார், என் மாடு செனை சார்," என்றாள் இளவரசி. "அது ஒண்ணுக்கு மட்டும் போட்டுட்டா..."

"பனி ஒழியட்டும்மா. மாடு எங்க ஓடிப்போகுது?"

---

பனியை ஒழிக்க ஆள் வேண்டும். தணிகைவேலன் வரலாற்றுப் பற்று உள்ளவர். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் குடத்தில் ஓலை போட்டுக் குலுக்கி, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஆள் பொறுக்கிய உத்திரமேரூர் பக்கத்திலேயே இருக்கும்போது, பனிக்கு மட்டும் வாரியம் இல்லாமல் போகலாமா? பனி வாரியம் அமைக்கப்படும் என்று ஒரு துணிப் பதாகை கட்டினார்கள். அது ஈரத்தில் நனைந்து சுருண்டுவிட்டதால் யாரும் படிக்கவில்லை.

குடமும் ஓலை நறுக்கும் வைத்துக்கொண்டு ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்தார். காவாந்தண்டலத்தில் யாராவது மேசை போட்டு உட்கார்ந்து பெயர் கேட்டால் அது டோக்கன்தான். ரேஷனோ, வேட்டி சேலையோ, வெள்ள நிவாரணமோ, முதலில் பெயரைக் கொடுத்துவிட வேண்டும். எதற்கு என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். ஊரில் மாடு வைத்திருந்த அத்தனை பேரும் முட்டி மோதிக்கொண்டு பெயர் கொடுத்தார்கள். இளவரசியும் கொடுத்தாள்.

"வயசு முப்பத்தஞ்சுக்கு மேலயா?"

"ஆமா சார்."

"சொந்த வூடா?"

"ஆமா சார்."

"வூட்ல ஃபிரிட்ஜ் கீதா?"

"இல்ல சார்."

"நல்லது. வூட்ல ஃபிரிட்ஜ் கீறவங்க பனியப் பத்தி முன்கூட்டியே ஒரு அபிப்பிராயம் வெச்சிகினு இருப்பாங்க. அவங்க லாயக்கில்ல."

ஃபிரிட்ஜ் உள்ளவர்கள் எல்லாரும் கழிந்துபோனார்கள். மீதி ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். சின்னப் பையன் ஒருவன்தான் ஓலை எடுக்கவேண்டும் என்பது பழைய முறை. பையன்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். பள்ளி நேரத்தில் வேலை வாங்கினால் சட்டப்படி குற்றம். ஆகவே கழகத்தில் கடைசியாகப் பணியில் சேர்ந்த ஆல்பர்ட், இந்த நிகழ்ச்சிக்காக மட்டும் சிறுவராகக் கருதப்படுவார் என்று செயலர் அறிவித்தார். நரைத்த மீசையோடு ஆல்பர்ட் குடத்துக்குள் கையை விட்டார்.

"இளவரசி!"

இளவரசிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மொத ஊசி நம்மளுக்குத்தாண்டி," என்று கப்பலின் கழுத்தைத் தட்டினாள். கழுத்தில் மாலை விழுந்தது. கப்பலின் கழுத்தில் இல்லை, அவள் கழுத்தில்.

"பனி வாரியத் தலைவி அவர்கள் நீடூழி வாழ்க!"

"சார், ஊசி?"

செயலர் அன்போடு விளக்கினார். "யம்மா, வாரியத்துல கீறவங்க அதுல ஆதாயம் தேடக்கூடாது. ஆயிரம் வருசத்து நேர்மை இது. பனியப் பாத்துக்கற நீயே உன் மாட்டுக்கு மருந்து எடுத்துகினா ஊரு இன்னா பேசும்? நீ பதவியில கீற வரைக்கும் உன் மாட்டுக்கு ஊசி கெடையாது. உன் அப்பா வழி, அம்மா வழி, புருசன் வழி சொந்தக்காரங்க மாட்டுக்கும் கெடையாது."

வரிசையில் ஒரு முனகல் எழுந்தது. காவாந்தண்டலத்தில் இளவரசிக்குச் சொந்தமில்லாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் பெட்டிக்கடை முகம்மது கௌஸ். இன்னொருவர் ஆல்பர்ட். இருவரிடமும் மாடு இல்லை.

---

அன்றிலிருந்து தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் இளவரசிக்கு யாரும் இடம் விடவில்லை.

"வாங்க தலைவியம்மா, வாங்க," என்றாள் எதிர்வீட்டு கனகா. உறவுமுறையில் நாத்தனார். அதனால் அவள் மாட்டுக்கும் ஊசி இல்லை. "ஒரு மாலைக்கு ஆசப்பட்டு ஊரு மாட்டு வாயில மண்ணப் போட்டியேடி."

"நான் டோக்கனுன்னு நெனச்சிதான் பேரு குட்த்தேன். நீயுந்தானே குட்த்த?"

"குட்த்தேன். எம் பேரு வரலியே."

"வந்திருந்தா?"

"வந்திருந்தா நானும் மாலையப் போட்டுகினுதான் நின்னுருப்பேன். அதுக்காக உன்ன திட்டாம வுட்ருவனா?"

இளவரசியின் வேலை இது. மணிக்கு ஒருமுறை கேரவனுக்குப் போய், ஃபிரிட்ஜைத் திறந்து, பனியைப் படம் எடுத்து, கழகத்தின் செயலியில் ஏற்றவேண்டும். கூட்டுரோட்டில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. படம் ஏறி முடிப்பதற்குள் கதவை மூடிவிட்டால், திறந்த கதவுக்கு ஆதாரம் இல்லை என்று செயலி சிவப்பு காட்டும். அதனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, போனில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்தபடி அவள் நிற்பாள். வெளியே தூறல். வயலில் தேங்கிய தண்ணீரின் வாசனையோடு ஈரக்காற்று வண்டிக்குள் ஏறி, அவளைத் தாண்டிக்கொண்டு ஃபிரிட்ஜுக்குள் போகும்.

"யண்ணே, நாம தொறக்கறதாலதான்ணே கட்டுது," என்றாள் ஆல்பர்ட்டிடம்.

"தெரியுதும்மா. கதவு ரப்பரும் கிழிஞ்சு கிடக்கு. மூடினாலும் காத்து போகத்தான் செய்யும். புது ரப்பர் கேட்டு எழுதிப் போட்டாச்சு. டெண்டர் விடுதாங்களாம்."

ஆல்பர்ட் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பயணிகளுக்கென்று போட்ட கட்டிலில் அவர்தான் படுத்துக்கொண்டிருந்தார். பனி படம் எடுக்க வரும் இளவரசியைத் தவிர அவரோடு பேச ஆள் இல்லை. அதனால் படம் ஏறத் தாமதமானால் அவர் வருத்தப்படுவதில்லை. ஒரு நாள் அவரே ஒரு பழைய வேட்டியைக் கிழித்து, கதவின் சந்தில் அடைத்து, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். அன்று பனி கொஞ்சம் குறைந்தது. மறுநாள் தணிக்கைக்கு வந்தவர் கயிற்றைப் பார்த்து முகம் சுளித்தார். கயிறு கழகத்தின் பொருட்பட்டியலில் இல்லை. வேட்டியும் இல்லை. இரண்டையும் அவிழ்த்து உறையில் போட்டு, அரக்கு வைத்து, எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பனி விரல் கனம் ஆயிற்று. பிறகு கை கனம். தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. பொதுமக்களிடம் பனி குறித்த விழிப்புணர்வு இல்லை, முகாம் நடத்தவும்.

முகாம் நடந்தது. பனி என்றால் எப்படி இருக்கும் என்று ஊர் தெரிந்துகொள்ளும்படி, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து வரிசையாக மக்களை உள்ளே அனுப்பினார்கள். ஒவ்வொருவரும் தொட்டுப் பார்க்க அனுமதி.

கன்னியப்பன் என்ற வயசாளி இரண்டு தடவை வரிசையில் வந்தார். "இத்த பாக்கத்தான் ஜனம் காசு செலவு பண்ணிகினு காஷ்மீரு போவுதா? இங்கியே கெடக்குதே!"

மூன்றாம் தடவை ஒரு டம்ளரில் எலுமிச்சைச் சாற்றோடு வந்தவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

முகாம் முடிந்து டாக்டர் ஷாஜியா ஃபிரிட்ஜுக்குள் கையை விட்டார். மருந்துப் புட்டிகள் பனிக்குள் புதைந்திருந்தன. ஒன்றைப் பெயர்த்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே கல் மாதிரி உறைந்திருந்தது.

"போச்சுக்கா," என்றார். "இந்த மருந்து குளிர்ச்சியா இருக்கணும், உறையக்கூடாது. உறைஞ்சிட்டா தண்ணிக்குச் சமம்."

"வேற வருமா?"

"எழுதறேன். வரும். ஆனா வந்தா இதே பெட்டியிலதானே வெக்கச் சொல்வாங்க."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த முகம்மது கௌஸ், "டாக்டரம்மா, நம்ம கடையில கூல்டிரிங்ஸ் வெக்கற ஃபிரிட்ஜ் சும்மாதான் கீது. மழையில யாரு ஜூஸ் குடிக்கறா? அதுல வெச்சுக்கோங்க. ஒரு பைசா வாணாம்," என்றார்.

ஷாஜியா அன்றே எழுதிக் கேட்டார். பதில் உடனே வந்தது. கழகம் இவ்வளவு விரைவாகப் பதில் எழுதியதே இல்லை. அரசு மருந்தைத் தனியார் குளிரில் வைக்க விதியில் இடமில்லை.

---

மாகறலில் இருந்து கோமாரி கிளம்பி, இடையிலிருந்த களத்துமேட்டைத் தாண்டிவிட்டது. கப்பலின் வயிறு இறங்கிக்கொண்டே வந்தது. இளவரசி கப்பலை வெளியே அவிழ்த்து விடுவதில்லை. குட்டைத் தண்ணீர் காட்டுவதில்லை. வேறு மாடு மேய்ந்த இடத்துப் புல்லைக்கூட அறுத்துவருவதில்லை. தானே வரப்பு வரப்பாகத் தேடிப் புல் கொண்டுவந்தாள். அதற்கு நடுவே மணிக்கு ஒருமுறை ஓடிப்போய்ப் படம் எடுத்தாள். மகள் சுதா போனில் கத்தினாள்.

"யம்மா, வுட்டுட்டு வந்துரு அந்தப் பதவிய. எழுதிக் குடுத்துரு."

எழுதிக் கொடுக்க இளவரசி காஞ்சிபுரத்துக்குப் பஸ் ஏறினாள். செயலரின் அறைக்கு முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஏசி. கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு சுகமான குளிர் வந்து காலில் பட்டது. அந்தக் கதவின் ரப்பர் நன்றாக இருந்தது.

"சார், என்ன வுட்ருங்க சார். எனக்கு இந்தப் பதவி வாணாம்."

"யம்மா, என் சர்வீஸ்ல பதவி வாணாம்னு சொன்ன மொத ஆளு நீதான். அதனாலயே நீதான் தகுதியான ஆளு."

"ராஜினாமா பண்றேன் சார்."

தணிகைவேலன் நாற்காலியில் சாய்ந்தார். "உத்திரமேரூர்க் கல்வெட்டு முழுக்கப் படிச்சவன் நான். யார் வரலாம், யார் வரக்கூடாது, எல்லாம் வெட்டி வெச்சிருக்கான். ராஜினாமான்னு ஒரு வரி காட்டு. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"அப்போ தப்பு பண்ணா?"

"தப்பு பண்ணா நீக்கலாம். நீக்கிட்டா நீயும் உன் சொந்தபந்தமும் எந்தச் சேவைக்கும் லாயக்கில்லாதவங்க ஆயிடுவீங்க."

"இப்ப மட்டும் கெடைக்குதா சார்?"

"கெடைக்கல. ஆனா இப்ப கௌரவத்தோட கெடைக்கல."

இளவரசி அவர் காலில் விழுந்தாள். அவர் பதறிப்போய் எழுந்தார். "சே சே, தலைவியா இருந்துகினு இப்படிப் பண்ணலாமா? உன்ன மாரி ஆளுங்களாலதான் ஜனநாயகத்துக்கே மரியாத இல்லாமப் போவுது." பிறகு மனம் இளகி, மேசை இழுப்பறையிலிருந்து பனி வாரியம் என்று அச்சடித்த ஒரு அடையாள அட்டையை எடுத்து அவள் கழுத்தில் மாட்டி அனுப்பினார்.

அவள் ஊர் திரும்பிய அன்று கனகாவின் மாடு வாயில் நுரை தள்ளி நின்றது. கனகா இந்த முறை திட்டவில்லை. அது இளவரசிக்கு இன்னும் பயமாக இருந்தது. கனகா வீட்டுக்கும் கப்பலின் கொட்டகைக்கும் நடுவே ஒரு தெருதான்.

---

அந்தச் சமயத்தில்தான் தலைமையகம் பூஜ்யப் பனி வாரம் அறிவித்தது. எந்த மண்டலத்தில் துளிப் பனியும் இல்லையோ அந்த மண்டலத்துக்குக் கேடயம். புது மருந்தும் வந்து இறங்கியது. ஷாஜியா அதைப் பனி படாத கீழ்த்தட்டில் வைத்து, கதவை மெதுவாக மூடி, "ரெண்டு நாள் யாரும் தொறக்காம இருந்தாப் போதும்க்கா. செயலர் கிட்ட நான் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் படம் எடுக்கப் போன இளவரசி வாசலிலேயே நின்றுவிட்டாள். வண்டிக்குள் தரை முழுக்கத் தண்ணீர். ஆல்பர்ட் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். எப்போதும் உர்ரென்று கேட்கும் சத்தம் இல்லை.

"யண்ணே, மிஷினு சத்தமே காணோம்?"

"செயலர் வந்து அணைக்கச் சொல்லிட்டாரு. அணைச்சா பனி கட்டாதுல்லா."

"அப்போ மருந்து?"

"மருந்தப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல."

இளவரசி ஓடிப்போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். பளபளவென்று துடைத்துவைத்த வெள்ளைச் சுவர். ஒரு பொட்டுப் பனி இல்லை. கீழ்த்தட்டில் மருந்துப் புட்டி. கையில் எடுத்தாள். அப்போதுதான் கறந்த பால் மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

ஷாஜியா அன்று போன் மேல் போன் போட்டார். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி வந்தது. "உங்கள் புகார் பனி தொடர்பானதா?" இல்லை, மருந்து தொடர்பானது என்றார். "அப்படியானால் இது பனிப் பிரிவு. பனி இருந்தால் மட்டும் கூப்பிடுங்கள்."

மதிப்பீட்டுக் குழு வந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தது. ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கேடயம் உறுதியாயிற்று. விழாவும் அன்றே. ஷாமியானா போட்டு, வாழைமரம் கட்டி, நாற்காலி வரிசை போட்டாயிற்று.

தணிகைவேலன் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார். "இந்தப் பெட்டியில இன்னிக்குப் பனி இல்ல. ஈரம் இல்ல. ஏன், குளிரே இல்ல! மருந்துப் பெட்டியில மருந்தத் தவிர வேற எதுவும் இருக்கக்கூடாதுங்கற லட்சியத்த அடஞ்சிட்டோம். இத்தன நாளாப் பாடுபட்ட வாரியத் தலைவி இளவரசி அவர்களோட மாட்டுக்கே முதல் ஊசி!"

இளவரசி எழுந்து நின்றாள். "சார், வாரியத்துல கீறவங்க மாட்டுக்குப் போடக்கூடாதுன்னு நீங்கதானே..."

"அது சேவை. மேடையில போடறது செயல்விளக்கம். விதி வேற."

இரண்டு பேர் போய்க் கப்பலைக் கொட்டகையிலிருந்து ஓட்டிவந்தார்கள். நோய்மாடு கட்டியிருந்த கனகா வீட்டு வாசல் வழியாகவே ஓட்டிவந்தார்கள். இளவரசி ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தாள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஷாஜியாவின் முகம் பேயறைந்ததுபோல இருந்தது.

"டாக்டரம்மா, இத்த போட்டா இன்னா ஆவும்?" என்று இளவரசி மெல்லக் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாதுக்கா."

"மாட்டுக்கு ஒண்ணும் ஆவாதா?"

"ஒண்ணுமே ஆகாது. போடாத மாதிரிதான். ஆனா போட்டதாப் பதிவாயிடும். பதிவாயிட்டா இன்னும் ஆறு மாசத்துக்கு நல்ல மருந்து வந்தாக்கூட இதுக்குக் குடுக்கமாட்டாங்க."

இளவரசி கப்பலுக்கு முன்னால் போய் நின்றாள். "வாணாம் சார். என் மாட்டுக்கு இந்த ஊசி வாணாம். நல்ல மருந்து வரசொல்ல போட்டுக்கறேன். மருந்து சூடாயிடுச்சு சார், நானே கையில எடுத்துப் பாத்தேன்."

மைக் திறந்திருந்தது. எல்லாருக்கும் கேட்டது. செயலர் சிரித்த முகத்தை மாற்றாமல், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார். "புட்டி மேல தேதியப் பாரு. அடுத்த வருசம் வரைக்கும் நல்லாக் கீதுன்னு போட்டுகிது. கம்பெனிய வுட உனக்குத் தெரியுமா? தலைவியே வாணாம்னு சொன்னா அது ஊசிக்கு எதிராப் பிரசாரம். போலீஸ் கேஸ் ஆவும். மவ படிக்கறா இல்ல?"

இளவரசியின் கை கயிற்றிலிருந்து நழுவியது.

"நான் போடமாட்டேன்," என்றார் ஷாஜியா. ஊசியை மேசையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். அது ஒரு பிரச்சினையாக இல்லை. செயல்விளக்கத்துக்கு டாக்டர் தேவையில்லை. செயலரே ஊசியை எடுத்து, புகைப்படக்காரரைப் பார்த்துக்கொண்டே கப்பலின் கழுத்தில் குத்தினார். ஊசி போட்டதற்கு அடையாளமாக அதன் காதில் மாட்டிய மஞ்சள் வில்லையை ஒருவர் போனால் படம் எடுத்தார். இந்த முறை சிக்னல் உடனே கிடைத்தது.

கை தட்டினார்கள்.

---

அந்த வாரமே கப்பல் தீனியைத் தொடவில்லை. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் வடிந்தது. நாக்கில் தோல் உரிந்து சிவந்திருந்தது. குளம்பு வெடித்து, ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கித் தூக்கி நின்றது.

இளவரசி செயலருக்குப் போன் போட்டாள்.

"ஊசி போட்ட மாட்டுக்குக் கோமாரி வராதும்மா," என்றார் அவர்.

"வந்துகீது சார். வாயெல்லாம் புண்ணு."

"வந்திருந்தா அது கோமாரி இல்ல. சூடா ஏதாவது தின்னுருக்கும்."

"சார், செனை சார். வைத்தியத்துக்கு யாரையாச்சும் அனுப்புங்க சார். உங்க காலத் தொட்டுக் கும்புடறேன்."

"கோமாரி வைத்தியம் கோமாரி வந்த மாட்டுக்குத்தான். உன் மாடு எங்க கணக்குல ஆரோக்கியமாக் கீது. அத நான் எப்படிம்மா மாத்தறது? கேடயத்தத் திருப்பித் தரச் சொல்லுவாங்க." போனை வைத்துவிட்டார்.

ஷாஜியா லீவு போட்டுவிட்டுத் தன் ஸ்கூட்டியில் வந்தார். அவருக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது. கப்பலின் குளம்பைக் கழுவி மருந்து போட்டார். வயிற்றில் கையை அழுத்தி வெகுநேரம் வைத்திருந்தார்.

"கன்னு அசையுதா?" என்றாள் இளவரசி.

"நேத்து அசைஞ்சுதா?"

"காலைலகூட அசஞ்சிது."

ஷாஜியா கையை எடுக்கவில்லை. பிறகு, சீரகம், வெந்தயம், மிளகு ஊறவைத்து அரைத்து, வெல்லமும் தேங்காயும் சேர்த்து உருட்டி நாக்கில் தடவிக்கொண்டே இருக்கச் சொன்னார். எதையாவது விழுங்கினால்தான் தாய் நிற்கும், தாய் நின்றால்தான் கன்று நிற்கும் என்றார். கனகா தன் வீட்டுத் தேங்காயைத் துருவி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கப்பலின் கொம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் மாடு முந்தாநாள் போய்ச் சேர்ந்திருந்தது.

இளவரசி முழங்கை வரைக்கும் கையைக் கப்பலின் வாய்க்குள் விட்டு நாக்கில் தடவினாள். கப்பல் வலியில் தலையை உதறியது. கொஞ்சம் உள்ளே போயிற்று. பாதி வெளியே வழிந்தது.

வைக்கோல் மேல் கிடந்த போன் அடித்தது. கனகா ஒரு விரலால் ஸ்பீக்கரைத் தட்டினாள். சுதாவாக இருக்கும் என்று நினைத்தார்கள். ஒரு பெண்குரல் இனிமையாகப் பேசியது.

"வணக்கம். நடமாடும் நல்வாழ்வுக் கழகம். உங்கள் கால்நடை முழுப் பாதுகாப்பில் உள்ளது. எங்கள் சேவையில் மிகவும் திருப்தி என்றால் எண் ஒன்றை அழுத்தவும். திருப்தி என்றால் எண் இரண்டை அழுத்தவும்."

மூன்றாவதாக ஓர் எண்ணைக் குரல் சொல்லவில்லை. கனகாவின் இரண்டு கையும் கொம்பில் இருந்தன. இளவரசியின் கை கப்பலின் தொண்டைக்குள் இருந்தது. யாரும் அழுத்தவில்லை.

குரல் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தது.

"பதில் கிடைக்கவில்லை. பதில் இல்லாவிட்டால் திருப்தி என்று எடுத்துக்கொள்ளப்படும். நன்றி."

"முழுங்குடி," என்றாள் இளவரசி கப்பலிடம். "முழுங்குடி, எஞ்சாமி." இன்னொரு உருண்டை எடுத்தாள்.